புழு மருந்து ஏன் பலிக்காமல் போகிறது: வெள்ளாட்டுக் குடற்புழுக்களின் மரபணுக்களில் நடப்பது என்ன?

"அந்த மருந்து பழகிப்போச்சு, வேற மருந்து குடுங்க" என்று ஆடு வளர்ப்போர் கால்நடை மருந்தகத்தில் கேட்பது இன்று சாதாரணமாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு முறை குடற்புழு நீக்கம் செய்தால் வாரங்கள் கணக்கில் நலமாக இருந்த ஆடுகள், இப்போது அதே மருந்தைக் கொடுத்த பிறகும் வெளிறிய கண்களோடும் வீங்கிய கீழ்த்தாடையோடும் நிற்கின்றன. அவர்கள் கண்டது உண்மைதான். ஆனால் 'பழகிப்போச்சு' என்று அதற்குச் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், அடுத்து எடுக்கும் முடிவும் பிழையாகப் போய்விடும். மருந்துக்கு ஆட்டின் உடல் பழகுவதில்லை. தனியொரு புழுவும் பழகுவதில்லை. மருந்து கொடுப்பதற்கு முன்பே, ஏதோ ஒரு சில புழுக்களின் மரபணுவில் சிறு மாறுபாடு இருந்திருக்கிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று, அந்தச் சிலவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக விட்டுவைக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளாடுகளையும் செம்மறிகளையும் தாக்கும் உருண்டைப் புழுக்கள் பல உண்டு. அவற்றுள் வெப்பமான, மழை பெய்யும் நாடுகளில் மிகுதியான சேதம் விளைவிப்பது ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் புழு. அசைபோடும் விலங்குகளின் நான்கு அறை வயிற்றில், நான்காவது அறையின் உட்சுவரில் இது வாழ்கிறது. பெண்புழு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிரம்பிய சிவந்த குடலைச் சுற்றி வெண்மையான கருப்பைக் குழல்கள் முறுக்கிக்கொண்டு ஓடுவதால், சிவப்பும் வெள்ளையும் பின்னிய நூல்போலத் தெரியும். ஒரு புழுவினால் ஆடு இழக்கும் இரத்தம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாள்தோறும் 50 மில்லிலிட்டர் போகிறது. ஒரு குட்டியால் இதை நெடுநாள் தாங்க முடியாது.

மருந்து எதிர்ப்பைப் புரிந்துகொள்ள, இப்புழுவின் இரத்த வெறியைவிட இதன் பெருக்கம்தான் முக்கியம். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் நிலையை அடைந்த இளம்புழுக்களாகிப் புல்லின் மேல் ஏறிக்கொள்கின்றன. மேயும் ஆடு அவற்றை விழுங்கிய ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. ஒரே பட்டியில் இவ்வளவு பேரளவிலான முட்டைகள் உருவாகும்போது, ஒவ்வொரு முறை டிஎன்ஏ படியெடுக்கப்படும்போதும் நேரும் அரிய எழுத்துப்பிழைகள்கூட எங்காவது ஒரு புழுவில் இருந்தே தீரும். அப்பிழைகளில் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது தீங்கானவை. மிகச் சில மட்டும், ஒரு குறிப்பிட்ட மருந்து வயிற்றுக்குள் வரும் நாளில், உயிர்காப்பவையாக மாறிவிடுகின்றன.

ஓர் ஆக்சிஜன் அணு

இவற்றுள் மிகத் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு எதிரான மாற்றம். நம் ஆடு வளர்ப்போர் நன்கறிந்த அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் இவ்வகையைச் சேர்ந்தவையே. உயிரணுக்களுக்குள் நுண்குழல்கள் எனப்படும் மெல்லிய குழாய்கள் உண்டு; உணவைக் கொண்டுசெல்வதற்கும் உயிரணுவின் வடிவத்தைக் காப்பதற்கும் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கும் அவை தேவை. ஆல்ஃபா டியூபுலின், பீட்டா டியூபுலின் என்னும் இரு புரதங்கள் மாறி மாறி அடுக்கப்பட்டு இக்குழாய்கள் உருவாகின்றன. மருந்து, புழுவின் பீட்டா டியூபுலினில் உள்ள ஒரு பள்ளத்தில் சென்று பொருந்துகிறது. அவ்வாறு மருந்தைச் சுமந்த டியூபுலின் குழாயின் வளரும் முனையில் போய் அமர்ந்தால், அதற்குமேல் குழாய் வளராது. உணவை ஈர்க்க முடியாமல் புழு பட்டினியால் மடிகிறது.

பீட்டா டியூபுலின் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. மருந்துக்கு மடியும் புழுக்களில் இச்சங்கிலியின் 200-ஆவது இடத்தில் ஃபினைல் அலனின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. எதிர்ப்புள்ள புழுக்களில் அதே இடத்தில் டைரோசின் இருக்கிறது. மரபணுவில் இதற்குத் தேவைப்படும் மாற்றம் ஒரே ஓர் எழுத்து மட்டுமே: டிஎன்ஏ-வின் எழுத்துகளில் தைமின், தைமின், சைட்டோசின் என்று இருந்த மூன்றெழுத்துச் சொல், நடுவெழுத்து மாறித் தைமின், அடினின், சைட்டோசின் என்றாகிவிடுகிறது. ஃபினைல் அலனினுக்கும் டைரோசினுக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணு. நானூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் அந்த ஓர் அணு கூடியதும், மருந்து முன்போல் இறுகப் பற்றிக்கொள்ள இயலாமல் போகிறது. குழாயோ வழக்கம்போல் வளர்கிறது. இதே புரதத்தில் 167-ஆவது இடத்தில் நேரும் இதே வகை மாற்றமும், 198-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் அலனினாக மாறுவதும் இதே விளைவைத் தருகின்றன.

ஒரு மாற்றம் எதிர்ப்புள்ள புழுக்களில் காணப்படுகிறது என்பதாலேயே அதுதான் எதிர்ப்புக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, உடன்வந்ததாகவும் இருக்கலாம். இந்த ஐயத்தைப் போக்கிய ஆய்வு 1995-இல் வெளியானது. மண்ணில் வாழும் சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவை ஆய்வகத்தில் எளிதாக வளர்க்கலாம். தன் டியூபுலின் மரபணு ஒன்று பழுதானதால் மருந்துக்கு மடியாதிருந்த அப்புழுவுக்குள், ஆட்டுப்புழுவின் டியூபுலின் மரபணுவைச் செலுத்தினார்கள். 200-ஆவது இடத்தில் ஃபினைல் அலனின் உள்ள மரபணுவைப் பெற்ற புழுக்கள் மீண்டும் மருந்துக்கு மடிந்தன. அதே மரபணுவில் அந்த ஓரிடத்தை மட்டும் டைரோசினாக மாற்றிச் செலுத்தியபோது அவை மடியவில்லை. ஒரு மருந்தின் தோல்விக்கான காரணத்தை ஒற்றை எழுத்து வரை சென்று கையும் களவுமாகப் பிடித்த ஆய்வு என்பதால், இத்துறையில் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

கண்ணுக்குத் தெரியாமல் வளரும் காலம்

மனிதரைப் போலவே புழுவுக்கும் ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கிறது. பென்சிமிடசோல் எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாகவே வெளிப்படுகிறது. அதாவது, இரண்டு பிரதிகளும் எதிர்ப்பு வடிவமாக இருந்தால்தான் புழு முழு அளவு மருந்திலிருந்து தப்பும். ஒன்று மட்டும் இருந்தால், மற்றப் பிரதியிலிருந்து உருவாகும் டியூபுலினை மருந்து பற்றிக்கொண்டு குழாயின் வளர்ச்சியை நிறுத்திவிடும். இந்த ஒரு செய்தியிலிருந்து பண்ணையில் நடப்பவை பலவற்றை விளங்கிக்கொள்ளலாம். அதற்கு ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். இது புரிதலுக்கான மாதிரிக் கணக்கு மட்டுமே.

ஒரு பட்டியில் 100 ஆடுகள், ஒவ்வொன்றிலும் 1,000 புழுக்கள், ஆக ஒரு லட்சம் புழுக்கள் என்று கொள்வோம். டியூபுலின் மரபணுவின் பிரதிகளில் நூற்றில் ஒன்று எதிர்ப்பு வடிவம் என்றால், ஒரே புழுவில் இரண்டும் அவ்வாறு அமைவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மருந்து கொடுத்தால் ஒரு லட்சத்தில் தப்புவது வெறும் 10. ஆடுகள் தெளிவாகத் தேறும். மருந்து அருமை என்றே யாரும் சொல்வார்கள். சில தலைமுறைகள் கழிந்து எதிர்ப்பு வடிவம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நூற்றில் ஒரு புழு தப்பும். மருந்து 99 விழுக்காடு வேலை செய்கிறது. அப்போதும் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் ஒவ்வோர் ஆட்டிலும் 10 புழுக்கள் மிஞ்சியுள்ளன. அவற்றில் ஐந்து பெண்புழுக்கள் நாளுக்கு 5,000 முட்டைகள் வீதம் இட்டால், பட்டி முழுவதிலுமிருந்து நாளொன்றுக்கு 25 லட்சம் முட்டைகள் தரையில் விழும். மருந்துக்குப் பின் புதிதாக விழுங்கப்பட்ட புழுக்கள் முட்டையிட மூன்று வாரம் ஆகும் என்பதால், அதுவரை மேய்ச்சல் நிலத்தில் சேரும் முட்டைகள் எல்லாம் தப்பிய புழுக்களின் சந்ததியே. எதிர்ப்பு வடிவம் பாதியை எட்டும்போது நூற்றில் 25 புழுக்கள் தப்புகின்றன. அன்றுதான் மருந்து பலிக்கவில்லை என்று வீட்டில் பேச்சு வருகிறது.

பலருக்கும் இது திடீரென நேர்ந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. எதிர்ப்பு வடிவம் நெடுங்காலம் ஒற்றைப் பிரதிகளாக, மருந்துக்கு மடியும் புழுக்களுக்குள்ளேயே மறைந்து ஊர்கிறது. மருந்து கொடுத்த நாளிலும் 10 முதல் 14 நாள் கழித்தும் புழுக்கையில் முட்டைகளை எண்ணி, குறைவு 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எதிர்ப்பு இருப்பதாகக் கொள்வது கால்நடை மருத்துவத்தில் வழக்கம். மேற்சொன்ன கணக்கின்படி, 5 விழுக்காடு புழுக்கள் தப்பும் நிலையிலேயே மரபணுப் பிரதிகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் எதிர்ப்பு வடிவமாகிவிட்டிருக்கும். எனவே இந்தச் சோதனை மிகவும் தேவையானது என்றாலும், நோய் முற்றிய பிறகே மணி அடிக்கும் சோதனை அது. இளம்புழுக்களின் டிஎன்ஏ-வை எடுத்து 167, 198, 200 ஆகிய இடங்களை நேரடியாகப் படிக்கும் ஆய்வகச் சோதனைகளின் அருமை இங்கேதான் இருக்கிறது. ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருப்பதையும் அவை காட்டிவிடும்.

வெள்ளாட்டுக்கென ஒரு சிக்கல்

செம்மறிகளைவிட வெள்ளாடுகளில் எதிர்ப்பு விரைவாக உருவாவதற்குக் காரணம் புழுவிடம் மட்டும் இல்லை, ஆட்டின் உடலிலும் இருக்கிறது. வெள்ளாட்டின் உடல் பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. ஆனால் புழு மருந்துகளில் பல, செம்மறிகளிலும் மாடுகளிலும் சோதிக்கப்பட்டு அவற்றுக்கென அளவு குறிக்கப்பட்டு வந்தவை. செம்மறிக்குரிய அதே அளவை வெள்ளாட்டுக்குக் கொடுத்தால், வயிற்றில் மருந்தின் செறிவு குறைவாகவும் குறுகிய நேரமே நிற்பதாகவும் ஆகிறது. அதனால்தான் வெள்ளாடுகளுக்குப் பல மருந்துகளில் செம்மறியின் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். லெவமிசோல் போன்ற புழு மருந்துகளில் பயனுள்ள அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதால், இந்த அளவை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். தாமாகக் கூட்டிக் கொடுப்பது ஆட்டைக் கொல்லக்கூடும்.

குறைந்த அளவின் தீங்கை மரபணுக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் அதன் முழு அளவு புரியும். எதிர்ப்பு வடிவம் நூற்றில் ஒன்றாக இருந்த அந்த ஒரு லட்சம் புழுக்களில், இரட்டைப் பிரதி உள்ளவை 10 மட்டுமே. ஒற்றைப் பிரதி சுமப்பவையோ ஏறத்தாழ 2,000. முழு அளவு மருந்து இந்த இரண்டாயிரத்தையும் கொன்று, அவற்றினுள் மறைந்திருந்த எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்தே அழித்துவிடும். அளவு குறைந்தால், ஒற்றைப் பிரதிப் புழுக்களில் ஒரு பகுதி தப்பிவிடும். எடை போடாமல் கண்ணால் மதிப்பிட்டு எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு ஊற்றுவதும், மிச்சம் பிடிக்கத் தண்ணீர் கலந்து நீர்த்துப்போகச் செய்வதும், மருந்தைச் செலவழித்துப் புழுவுக்கு உதவுவதாகவே முடிகின்றன.

இன்னொன்றும் உண்டு. வெள்ளாடு இயல்பில் புதரையும் கிளையையும் தலைநிமிர்ந்து கடித்துத் தின்னும் விலங்கு. இளம்புழுக்கள் தரையை ஒட்டிய புல்லிலேயே மிகுதியாக இருப்பதால், பரிணாமக் காலம் முழுவதும் வெள்ளாடு குறைவான புழுக்களையே எதிர்கொண்டது. செம்மறியைப்போல் அதன் உடல் புழுக்களுக்கு எதிரான வலுவான நோயெதிர்ப்பை வளர்த்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம் என்று கருதப்படுகிறது. அதைச் சுருங்கிய புல்வெளியில் அடைத்து மேய்க்கும்போது புழுச்சுமை ஏறுகிறது, மருந்து அடிக்கடி தேவைப்படுகிறது, அடிக்கடி கொடுக்கும்போது எதிர்ப்பு வடிவத்துக்கு வாய்ப்புக் கூடுகிறது.

மற்ற மருந்து வகைகளின் மரபணுக் கதை இவ்வளவு நேரானதன்று. லெவமிசோல், புழுவின் தசைகளில் நரம்புச் செய்தியை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் என்னும் புரதங்களைத் திறந்தபடியே நிறுத்தி, தசையை இறுக்கி முடக்குகிறது. அந்த ஏற்பியின் உறுப்புகளை உருவாக்கும் மரபணுக்களில், குறிப்பாக ஏசிஆர்-8 என்பதில், மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஐவர்மெக்டின், குளூட்டமேட் என்னும் நரம்புச் செய்திப் பொருளுக்குத் திறக்கும் குளோரைடு வாயில்களைப் பிடித்துத் திறந்துவைத்து, புழுவின் தொண்டையையும் தசைகளையும் செயலிழக்கச் செய்கிறது. அந்த வாயில்களின் மரபணுக்களிலோ, மருந்தை வெளியே தள்ளும் புரதங்களின் மரபணுக்களிலோதான் எதிர்ப்பு இருக்கும் என்று நெடுங்காலம் தேடினார்கள். ஹீமான்கஸின் முழு மரபணுத் தொகுதியின் முதல் வரைவுகள் 2013-இலும், ஆறு குரோமோசோம்களும் ஏறத்தாழ முழுமையாகக் கோக்கப்பட்ட வடிவம் 2020-இலும் வெளியான பின்னர், எதிர்ப்புள்ள புழுவையும் மடியும் புழுவையும் கலந்து, எந்தப் பகுதி தப்பியவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க முடிந்தது. ஐந்தாம் குரோமோசோமில் ஒரு பகுதி தனித்துத் தெரிந்தது. 2022-இல் வெளியான ஆய்வு, அப்பகுதியில் சிகேஒய்-1 என்னும் மரபணுவை முதன்மையாகச் சுட்டியது. அது வாயிலையோ வெளியே தள்ளும் புரதத்தையோ உருவாக்குவதன்று, பிற மரபணுக்களின் செயலைக் கூட்டிக் குறைக்கும் மரபணு.

எவ்வளவு விரைவாக, எப்படிப் பரவுகிறது

பென்சிமிடசோல் வகையின் முதல் மருந்தான தயபெண்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. 1964-இலேயே செம்மறிகளில் அதற்கு எதிர்ப்பு அறிவிக்கப்பட்டது. 1981-இல் விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டினுக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்பு தெரிந்துவிட்டது. முற்றிலும் புதிய வகையாக 2009-இல் நியூசிலாந்தில் அறிமுகமான மோனிபேன்டலுக்கு, 2013-இல் அதே நாட்டில் வெள்ளாடுகள் இருந்த பண்ணையொன்றிலிருந்து எதிர்ப்பு அறிவிக்கப்பட்டது. புதிய மருந்துக்காகக் காத்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இந்த வரலாறே சான்று.

எதிர்ப்பு வடிவம் ஒவ்வொரு பட்டியிலும் தனித்தனியே தோன்றுகிறதா, ஓரிடத்தில் தோன்றி ஆடுகளோடு பயணப்படுகிறதா என்பது நடைமுறைக்கு மிக முக்கியமான கேள்வி. இரண்டுமே நடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய, மாற்றம் நேர்ந்த இடத்துக்கு அக்கம்பக்கத்தில் உள்ள டிஎன்ஏ எழுத்துகளை ஒப்பிடுகிறார்கள்; தனித்தனியே தோன்றியிருந்தால் அந்த அக்கம்பக்கம் ஊருக்கு ஊர் வேறுபடும், ஒரே மூலமாயின் எங்கும் ஒன்றாக இருக்கும். தென்னிந்தியாவின் ஹீமான்கஸ் புழுக்களில் நடந்த இத்தகைய ஆய்வு 2015-இல் வெளியானது. 198-ஆவது இடத்து மாற்றம் ஒரே மூலத்திலிருந்து கிளம்பி இந்நிலப்பகுதி முழுவதும் பரவியதற்கான சான்றை அது தந்தது. புழு தானாக ஊர்விட்டு ஊர் போவதில்லை. சந்தையில் கைமாறிய ஆட்டின் வயிற்றில் ஏறித்தான் அது போயிருக்க முடியும்.

ஒருமுறை பரவிய பென்சிமிடசோல் எதிர்ப்பு, மருந்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தாலும் பெரும்பாலும் மறைவதில்லை. மாறிய டியூபுலினைச் சுமப்பதால் புழுவுக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்பதே காரணம். ஆகவே கையில் இருப்பது, பரவும் வேகத்தைத் தணிப்பது ஒன்றே. இதில் அறிவியல் சொல்லும் வழி, கேட்டவுடன் மனம் ஏற்காத வழி: எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்காதீர்கள். மீண்டும் அந்த 100 ஆட்டுக் கணக்குக்கே வருவோம். எதிர்ப்பு வடிவம் நூற்றில் ஒன்றாக இருக்கையில், 90 ஆடுகளுக்கு மருந்து கொடுத்து நல்ல உடல்நிலையில் உள்ள 10 ஆடுகளை விட்டுவைத்தால், மருந்தில் தப்பிய புழுக்கள் 9; மருந்து படாத புழுக்கள் 10,000. அடுத்த தலைமுறை பெரும்பாலும் அந்தப் பத்தாயிரத்திலிருந்தே வரும், தப்பிய ஒன்பதின் சந்ததி அதில் கரைந்துபோகும். மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் இளம்புழுக்களும் இவ்வாறே மருந்து படாத இருப்பாகப் பயன்படுகின்றன. கோடையில் நிலம் காய்ந்து இளம்புழுக்கள் மடிந்துகிடக்கும் நேரத்தில் மொத்தப் பட்டிக்கும் மருந்து கொடுத்தால், மழைக்குப் பின் தளிர்க்கும் புல்லில் ஏறுவன முழுவதும் தப்பியவற்றின் குஞ்சுகளாகவே இருக்கும் என்பதையும் இக்கணக்கு சொல்லிவிடுகிறது.

எந்த ஆட்டை விட்டுவைப்பது என்று முடிவு செய்யத் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்னும் அட்டையை உருவாக்கினார்கள். ஆட்டின் கீழிமையை மெல்ல இறக்கி, உட்புறச் சவ்வின் நிறத்தை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். முதல் நிறம் ஆழ்ந்த சிவப்பு. ஐந்தாவது ஏறத்தாழ வெள்ளை. சிவந்திருக்கும் ஆட்டுக்கு மருந்து தேவையில்லை. வெளிறியதற்கு உடனே தேவை. ஒரு மந்தையில் புழுக்களில் பெரும்பங்கு சில ஆடுகளிலேயே குவிந்திருப்பதால் இம்முறை பலிக்கிறது. ஆனால் இது இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், குட்டிகளும் சினை ஆடுகளும் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால் அவற்றை அடிக்கடி பார்க்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

வாங்கிவரும் ஆடுகளுக்கு மட்டும் இந்த விட்டுவைக்கும் முறை பொருந்தாது; அங்கே ஒரு புழுவும் தப்பாதிருப்பதே நோக்கம். வேறுவேறு விதத்தில் செயல்படும் இரண்டு வகை மருந்துகளை மருத்துவரின் அறிவுரைப்படி ஒரே நாளில் முழு அளவில் கொடுத்தால், இரண்டுக்கும் எதிர்ப்பு மரபணு ஒருங்கே அமைந்த புழு மட்டுமே மிஞ்சும். தொடக்கத்தில் அத்தகைய புழு மிக அரிது. அந்த ஆடுகளைப் புல்லில்லாத தரையில் தனியே கட்டி, 10 முதல் 14 நாள் கழித்துப் புழுக்கையில் முட்டை இல்லை என்று பார்த்த பிறகே பட்டியில் சேர்க்கவேண்டும். சேர்க்கும்போதும் அவற்றை நெடுநாள் ஆடு மேயாத புதிய நிலத்தில் விடாமல், பழைய ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும் நிலத்திலேயே விடுவது நல்லது. ஏதேனும் ஒன்றிரண்டு தப்பி வந்திருந்தாலும், அவற்றின் முட்டைகள் அங்கே ஏற்கெனவே உள்ள, மருந்துக்கு இன்னும் மடியும் புழுக்களின் முட்டைகளோடு கலந்து சிறுபான்மையாகவே நிற்கும்.